பந்தயக் காரில் அண்டர்ஸ்டியர்: காரணத்தைத் தேடும் வரிசை

ஸ்டீயரிங்கைத் திருப்பியாயிற்று, கார் திரும்பவில்லை. மூக்கு தடத்தின் வெளி ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் திருப்புகிறீர்கள். அப்போதும் அதே பிடிவாதம். பின் டயர்களிடம் பிடிப்பு மிச்சமிருக்கும்போதே முன் டயர்கள் தங்கள் எல்லையைத் தொட்டுவிட்டன. இதற்குப் பெயர் அண்டர்ஸ்டியர்.

இதற்கான காரணங்களைக் கேட்டால் புதிதாக வருபவர்கள்கூட மளமளவென்று ஒப்பிப்பார்கள். எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். முதல் ஓட்டம் முடிந்து கார் பிட்டுக்கு (தடத்தோரம் காரைச் சரிசெய்யும் இடத்துக்கு) வந்ததும் பெரும்பாலானோரின் கை நேராக முன்பக்க ஆன்டி-ரோல் பாருக்கு (கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குத் தண்டுக்கு) போகிறது. இந்த வழிகாட்டியில் அதற்கு ஏழாவது இடம். ஏன் அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நம்பகமான டயர் அழுத்தமானி ஒன்று. ஒன்றே போதும், ஆனால் நாள் முழுவதும் அதே மானியைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு மானிகள் இரண்டு விதமாகச் சொல்லும். எது சரி என்ற வாக்குவாதத்தில் அரை நாள் போய்விடும்.

ஊசி வகை டயர் வெப்பமானி. அகச்சிவப்புக் கதிரால் தொடாமல் அளக்கும் மானி மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மேற்பரப்பு சில விநாடிகளிலேயே ஆறிவிடும். ஊசியோ ரப்பருக்குள் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கி அளப்பதால், டயர் வளைவில் பட்ட பாட்டை இன்னும் நினைவில் வைத்திருக்கும் இடத்தைத் தொடுகிறது.

ஒரு சாக்பீஸ், சில பிளாஸ்டிக் கட்டுப் பட்டைகள், வண்ண ஒட்டுநாடா, ஒரு நோட்டுப் புத்தகம். டேட்டா லாகர் (ஓட்ட அளவுகளைப் பதிவுசெய்யும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காருக்குள் ஸ்டீயரிங் தெரியும்படி ஒரு கேமரா போதும்.

சோதனை முழுவதும் ஒரே ஓட்டுநர் ஓட்ட வேண்டும். எரிபொருள் அளவும் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மற்ற எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

2. அண்டர்ஸ்டியர்தானா என்று உறுதிசெய்யுங்கள்

‘பின்பக்கம் வழுக்குகிறது’ என்று புகார் சொல்லிக்கொண்டு வருபவர்களில் கணிசமானவர்களின் காரில் உண்மையான நோய் அண்டர்ஸ்டியர்தான். வேடிக்கையாகத் தோன்றலாம். நடப்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

வளைவின் நடுவில் கார் வெளியே தள்ளுகிறது. ஓட்டுநர் தன்னை அறியாமலே ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புகிறார். கார் அடங்கவில்லை. பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார். சுமை முன்பக்கம் பாய்கிறது. மிதமிஞ்சித் திரும்பியிருக்கும் முன் டயர்களுக்குத் திடீரென்று பிடிப்பு கிடைக்கிறது. மூக்கு உள்ளே பாய, இலேசாகிப்போன பின்பக்கம் சுழல்கிறது. ஓட்டுநரின் நினைவில் நிற்பது கடைசி அரை விநாடி மட்டுமே. ஆகவே ‘ஓவர்ஸ்டியர்’, அதாவது பின்பக்கம் வழுக்குகிறது, என்கிறார். அந்தப் பேச்சை நம்பிப் பின்பக்கத்துக்குப் பிடிப்பு கூட்டினால், நோய் இன்னும் முற்றும்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. கார் நேராக நிற்கும்போது ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் வண்ண ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். ஓடிவந்த பிறகு உள் கேமராப் படத்தில் அந்த நாடாவை மட்டும் பாருங்கள். வளைவு இறுகாத இடத்தில் நாடா தொடர்ந்து உள்பக்கம் நகர்ந்துகொண்டே போனால், ஓட்டுநர் வாயால் என்ன சொன்னாலும் கார் அண்டர்ஸ்டியர் செய்கிறது. ஒருமுறை, பின்பக்கம் நிற்கவே இல்லை என்று சாதித்த இளைஞர் ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். கார் சுழல்வதற்கு ஒரு விநாடி முன்பு மஞ்சள் நாடா அவர் முழங்கை உயரத்துக்கு இறங்கியிருந்தது. மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘இது என் கையா?’ என்று கேட்டார்.

லாகர் இருந்தால் ஸ்டீயரிங் கோணத்தையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கோணம் ஏறிக்கொண்டிருக்க, முடுக்கம் தட்டையாக நின்றாலோ இறங்கினாலோ முன் டயர்கள் நிரம்பிவிட்டன என்று பொருள்.

கைக்கே தெரியும் அடையாளம் ஒன்றும் இருக்கிறது. முன் டயர் தன் உச்சப் பிடிப்பை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கைத் திருப்பி இழுக்கும் விசை குறையத் தொடங்கும். ஸ்டீயரிங் லேசானால், ‘வழி திறந்துவிட்டது, இன்னும் திருப்பு’ என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டயர் சொல்வது ‘போதும், நிறுத்து’ என்பதை.

3. மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்

‘கார் தள்ளுகிறது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. நோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்.

வளைவின் எந்தப் பகுதியில் தள்ளுகிறது? பிரேக்கோடு உள்ளே நுழையும்போதா, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அமைதியாக இருக்கும் நடுப்பகுதியிலா, ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியேறும்போதா? நுழைவில் என்றால் பிரேக், டிஃபரன்ஷியல் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு), டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் கருவி), ஓட்டுநர் ஆகியோர் மீது சந்தேகம் விழும். நடுவில் என்றால் டயர், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான விறைப்புப் பங்கீடு. வெளியேறும்போது என்றால் டிஃபரன்ஷியல், பின்னோக்கிப் போகும் சுமை, மீண்டும் ஓட்டுநர்.

எந்த வேகத்தில் தள்ளுகிறது? காற்று தரும் அழுத்து விசை வேகத்தின் இருமடிப்படி மாறுகிறது. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. மெதுவான வளைவுகளில் ஒழுங்காகத் திரும்பும் கார் வேகமான வளைவுகளில் மட்டும் தள்ளினால், ஸ்பிரிங்கை விட்டுவிட்டு விங்கை (காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையை) பாருங்கள்.

எந்தப் பக்கம் தள்ளுகிறது? இடது வளைவில் மட்டும் தள்ளி, வலது வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கினால், அது சமநிலை அமைப்பின் குற்றமல்ல. காரின் எடை மூலைவிட்டமாகக் கோணலாக இருக்கிறது. ஐந்தாவது படியில் அதற்கு வருகிறேன்.

தடத்துக்கு வெளியே பெரிய, காலியான தளம் கிடைத்தால் வட்டச் சோதனையும் செய்யலாம். 20 மீட்டர் ஆரத்தில் கூம்புகளை வைத்து, ஒரே வட்டத்தில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வட்டத்திலேயே நிற்க ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்ப வேண்டியிருந்தால் அடிப்படைச் சமநிலையே அண்டர்ஸ்டியர். ஒரு சுற்றுக்கு 9 விநாடி ஆனால் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். பக்கவாட்டு முடுக்கம் ஏறக்குறைய 1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு. இரு திசையிலும் சுற்றி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் நன்றாக இருக்கும் கார் தடத்தில் மட்டும் தள்ளினால், பிரச்சினை சுமை நகரும் தருணங்களில் ஒளிந்திருக்கிறது.

4. ஓட்டுநரைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஸ்பானரைக் குற்றம் சொல்வது எளிது. நண்பனைச் சொல்வது கடினம். ஆனால் காரைத் தொடுவதற்கு முன் இதை முடித்தே ஆக வேண்டும். தவறான ஓட்டத்துக்கு ஏற்பக் காரை மாற்றிவிட்டால், பிறகு ஓட்டம் திருந்தும்போது கார் கெட்டுப்போயிருக்கும்.

முதல் தவறு அதிவேக நுழைவு. வளைவுக்குத் தேவையான விசையும் வேகத்தின் இருமடிதான். 100 கிலோமீட்டர் தாங்கும் வளைவில் 105-இல் நுழைந்தால் 5 சதவீதம் அல்ல, 10 சதவீதம் கூடுதல் பிடிப்பு வேண்டும். அந்தப் பத்து சதவீதம் எந்த டயரிலும் சும்மா கிடப்பதில்லை.

இரண்டாவது, பிரேக்கைச் சட்டென்று விடுவது. பிரேக் பிடிக்கும்போது சுமை முன் டயர்களை அழுத்துகிறது. அதே நொடியில் பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால், மூக்கு மேலெழும் வேளையில் முன் டயர்களிடம் வேலை கேட்கிறோம். வளைவுக்குள்ளும் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே போகும் பழக்கம் இதற்கு மருந்து. எஞ்சின் பின்னால் இருந்து மூக்கு இலேசாக இருக்கும் போர்ஷே 911 போன்ற கார்களில் இந்தப் பழக்கம் இல்லாமல் காலம் தள்ளவே முடியாது.

மூன்றாவது, தள்ளும் காரில் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவது. டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலுள்ள கோணம் ஒரு சில டிகிரி வரைதான் பிடிப்பைக் கூட்டும். அதைத் தாண்டினால் டயர் உராய்ந்து சூடாவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. தள்ளத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திறந்து, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தினால் மூக்கு திரும்பக் கடிக்கும். தடத்தின் ஓரம் நெருங்கும்போது ஸ்டீயரிங்கைத் திறப்பதற்கு மனம் ஒப்பாது. பழகத்தான் வேண்டும்.

நான்காவது, பொறுமையில்லாத வலது கால். வளைவின் உள்ளோரத்தைத் தொடும் முன்பே ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுமை பின்னோக்கிப் போகிறது. முன்சக்கர உந்து கார் என்றால் நிலைமை இன்னும் மோசம்: அதே இரண்டு டயர்கள் காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். டயரின் பிடிப்பு ஒரே பணப்பையில் இருக்கும் காசு. இழுப்பதற்குச் செலவழித்தது திருப்புவதற்குக் கிடைக்காது.

சோதனை இதுதான். பிரச்சினையுள்ள வளைவில் இரண்டு சுற்றுகளுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் குறைவாக நுழைந்து, கார் உள்ளோரத்தைத் தொட்ட பிறகே ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். அண்டர்ஸ்டியர் மறைந்து, அடுத்த நேர்பாதையின் முடிவில் வேகம் அப்படியே இருந்தாலோ கூடினாலோ, காரை விட்டுவிடுங்கள். மெதுவாக நுழைந்தும் தள்ளினால் அடுத்த படிக்குப் போகலாம்.

5. பழுதும் கோணலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்

அமைப்பை மாற்றுவதற்கு முன், இருக்கும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். வளைந்த ஸ்டீயரிங் தண்டு, தேய்ந்த பந்து மூட்டு, ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட ஆன்டி-ரோல் பார் இணைப்பு, கசியும் டேம்பர் ஆகியவற்றில் எது இருந்தாலும் இனி எடுக்கும் அளவுகள் எல்லாம் வீண்.

இங்கே எல்லோரும் கோட்டைவிடும் ஒரு பொருள் பம்ப் ஸ்டாப். டேம்பர் தண்டின் மேல் இருக்கும் சிறு ரப்பர் துண்டு. கார் சாயும்போது வெளிப்புற முன் டேம்பர் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கணத்தில் முன் ஸ்பிரிங்கின் விறைப்பு பல மடங்கு எகிறுகிறது. வளைவின் பாதிவரை ஒழுங்காக வந்த கார், கதவைச் சாத்தியதுபோலத் திடீரென்று வெளியே தள்ளும்.

ஒரு நாள் முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். பாரை மெதுவாக்கினோம் (அதாவது விறைப்பைக் குறைத்தோம்), மோசமானது. முன் ஸ்பிரிங்கை மெதுவாக்கினோம், இன்னும் மோசமானது. மாலையில் மெக்கானிக் ஒருவர் எதுவும் பேசாமல் டேம்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப் பட்டையை இறுக்கினார். மூன்று சுற்றுகள் ஓடி வந்தபோது அந்தப் பட்டை ரப்பருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. நாங்கள் மெதுவாக்க மெதுவாக்க, கார் இன்னும் சீக்கிரமாக ரப்பரில் போய் மோதிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதெல்லாம் கார் தடத்துக்குள் போகும் முன்பே நான்கு டேம்பர்களிலும் பட்டை கட்டிவிடுகிறேன்.

மோதல் தெரிந்தால் முன் உயரத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது ரப்பரைக் குறையுங்கள், அல்லது ஸ்பிரிங்கை விறைப்பாக்குங்கள். ஆம், இந்த இடத்தில் முன்பக்கத்தை விறைப்பாக்கினால் அண்டர்ஸ்டியர் குறையும்.

அடுத்தது மூலை எடை. நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது அளவிடுங்கள். வலது முன், இடது பின் ஆகிய இரண்டின் கூட்டு மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால் கார் இடது வளைவில் தள்ளும். வலது வளைவில் பின்பக்கம் தளரும். ஓவல் தடத்தில் இடப்பக்கம் மட்டுமே திரும்பும் அமெரிக்க நாஸ்கார் பந்தய அணிகள் இதையே கருவியாக்கி, பிட்டில் ஒரு திருகைத் திருப்பிச் சமநிலையை மாற்றுகின்றன. இரு பக்கமும் திரும்பும் தடத்தில் இந்தக் கூட்டு 50-ஐ ஒட்டியே இருக்கட்டும். சரிசெய்யும் முன் ஆன்டி-ரோல் பார் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பாரின் முறுக்கும் தராசில் சேர்ந்துகொள்ளும்.

6. டயர், பிறகு சக்கரக் கோணங்கள்

கார் முழு வேகத்தில் ஓடிவந்து நேராகப் பிட்டுக்குள் வர வேண்டும். ஆறவிடும் சுற்று வேண்டாம். வந்தவுடன் அதிகம் உழைத்த வெளி முன் டயரில் தொடங்கி, ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடங்களில் ஊசியை இறக்குங்கள். உடனே அழுத்தத்தையும் குறியுங்கள்.

முதலில் முன்னையும் பின்னையும் ஒப்பிடுங்கள். முன் டயர்கள் தெளிவாக அதிகச் சூடு என்றால் அவை வழுக்கித் தேய்கின்றன. அண்டர்ஸ்டியருக்கு இதைவிட நேரடிச் சாட்சி கிடையாது. முன் டயர்கள் பின்னைவிடக் குளிர்ந்து கிடந்தால் அவை இன்னும் விழிக்கவே இல்லை. அதுவும் அண்டர்ஸ்டியர்தான், ஆனால் மருந்து வேறு. மூக்கு இலேசான காரில் பாம்புபோல வளைந்து வளைந்து ஓட்டுவதைவிட, முதல் சுற்றில் சில முறை பலமாகப் பிரேக் பிடிப்பது முன் டயர்களைச் சீக்கிரம் எழுப்பும்.

பிறகு ஒரே டயருக்குள் பாருங்கள். நடுப்பகுதி இரு ஓரங்களையும்விடச் சூடு என்றால் அழுத்தம் அதிகம். நடு குளிர்ந்தால் அழுத்தம் குறைவு. வெளி ஓரம் மட்டும் சூடாகித் தேய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பது) போதவில்லை. உள் ஓரம் வெளி ஓரத்தைவிடச் சில டிகிரி சூடாக இருப்பது இயல்பு. அது மிதமிஞ்சினால் கேம்பரைக் குறையுங்கள்.

அழுத்தத்தைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. ஓர் அளவுக்குக் கீழே பக்கச்சுவர் மடங்கி, டயர் தன் தோளின்மேல் உருளத் தொடங்கும். இதைப் பார்க்கத்தான் சாக்பீஸ். டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு போடுங்கள். ஓடிவந்த பிறகு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்றை ஏற்றுங்கள். சூடாகும்போது அழுத்தம் தானாக ஏறும் என்பதையும் மறக்காதீர்கள்: 28 பிஎஸ்ஐ அளவில் உள்காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். ஆகவே இலக்கு வைக்க வேண்டியது சூடான அழுத்தத்துக்கு.

டயர் சொன்னதைக் கேட்ட பிறகு கோணங்கள். முன் கேம்பரை அரை டிகிரிக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். காஸ்டரை (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை) கூட்டினால் ஸ்டீயரிங் திரும்பும்போது வெளிச் சக்கரத்துக்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும். ஸ்டீயரிங் கனமாகும், அவ்வளவே. முன்பக்கம் சிறிதளவு டோ-அவுட் (இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் வெளிப்பக்கம் பார்ப்பது) வைத்தால் நுழைவில் மூக்கு சுறுசுறுப்பாகும். பின்பக்க டோ-இன் (முன்விளிம்புகள் உள்பக்கம் பார்ப்பது) அதிகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக்காக யாரோ எப்போதோ கூட்டி வைத்திருப்பார்கள்; கார் மாட்டுவண்டிபோல நேராகப் போக ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. இப்போது ஆன்டி-ரோல் பார்

இந்தப் படியின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு டயர்மேல் 300 கிலோ சுமை இருந்தால் அது 420 கிலோ பக்கவாட்டு விசை தருகிறது என்று வையுங்கள். இரண்டு முன் டயர்களும் சேர்ந்து 840. இப்போது வளைவில் சுமை பெயர்ந்து, வெளி டயரில் 450, உள் டயரில் 150 ஆகிறது. மொத்தச் சுமை அதே 600-தான். ஆனால் சுமை ஏற ஏற டயரின் திறன் சதவீதம் குறைவதால், வெளி டயர் 585-ம் உள் டயர் 225-ம் தருகின்றன. மொத்தம் 810. முப்பது கிலோ காணாமல் போய்விட்டது.

ஓர் அச்சில் சுமை எவ்வளவு பெயர்கிறதோ, அந்த அளவுக்கு அந்த அச்சு பிடிப்பை இழக்கிறது. கார் முழுவதிலும் பெயரும் சுமையைப் பாரால் குறைக்க முடியாது. புவியீர்ப்பு மையத்தின் உயரமும் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் முடுக்கமும் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த இழப்பில் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதே பாரின் வேலை. முன் பாரை மெதுவாக்கினாலோ பின் பாரை விறைப்பாக்கினாலோ இழப்பின் பெரும்பங்கு பின்பக்கம் போகிறது. மூக்குக்குப் பிடிப்பு திரும்புகிறது.

எதை முதலில் தொடுவது? மொத்தப் பிடிப்பு போதாத காரில் முன்பக்கத்தை மெதுவாக்குவேன். பின்பக்கப் பிடிப்பு மிதமிஞ்சிக் கிடக்கும் காரில் பின்பக்கத்தை விறைப்பாக்குவேன். பின்சக்கர உந்து காரில் இரண்டாவதை யோசித்துச் செய்யுங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது உள் பின் சக்கரம் வீணாகச் சுழலும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. முன்சக்கர உந்துப் பந்தயக் கார்களில் உள் பின் சக்கரம் தரையைவிட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் எழுந்த பிறகு பின் அச்சில் மேற்கொண்டு பெயரச் சுமை இல்லை. அதற்கு மேல் பின் பாரை விறைப்பாக்குவதால் பயன் இல்லை.

இரண்டாவது, மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) முன்பக்கம் கொண்ட கார். இதில் கார் சாயச் சாய வெளிச் சக்கரம் நெகட்டிவ் கேம்பரை இழந்து தோளின்மேல் நிற்கும். பாரை மெதுவாக்கினால் சாய்வு கூடி, டயர் இன்னும் கவிழும். இப்படிப்பட்ட காரில் பாரை விறைப்பாக்கியதும் அண்டர்ஸ்டியர் குறைந்ததைக் கண்டு, அளவீட்டில் பிழை என்று நினைத்து மறுபடி அளந்தவர்கள் உண்டு. பிழை இல்லை. ஆறாவது படியில் வெளி ஓரம் சூடாக இருந்ததல்லவா, அது முன்பே சொல்லியிருக்கும்.

டேம்பர்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: எவ்வளவு சுமை பெயர்கிறது என்பதை அவை மாற்றுவதில்லை; எவ்வளவு வேகமாகப் பெயர்கிறது என்பதையே மாற்றுகின்றன. வளைவின் நடுவில் நெடுநேரம் தள்ளும் காரை டேம்பர் திருகால் குணப்படுத்த முயல வேண்டாம்.

8. பிரேக் பங்கீடும் டிஃபரன்ஷியலும்

பிரேக்கோடு நுழையும்போது மட்டும் தள்ளினால், பங்கீடு முன்பக்கம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பிடிப்பதிலேயே முழுப் பிடிப்பையும் செலவழித்த முன் டயரிடம் திரும்புவதற்கு மிச்சம் இல்லை. பின்னோக்கி ஒரு சதவீதம் நகர்த்துங்கள், ஓடுங்கள், தேவையானால் இன்னும் ஒரு சதவீதம். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளத் தொடங்கினால் அங்கிருந்து ஒரு படி திரும்பி வாருங்கள். மழையில் இந்தச் சோதனை வேண்டாம்.

பிரேக்கை விட்ட பிறகும் குறுகலான, மெதுவான வளைவுகளில் நுழைவு பிடிவாதமாக இருந்தால் டிஃபரன்ஷியல் மீது சந்தேகப்படுங்கள். வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். டிஃபரன்ஷியலின் பூட்டு (இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பது) இறுக்கமாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலப் பார்த்து, காரை நேராகத் தள்ளுகின்றன. டிஃபரன்ஷியலுக்குள் எப்போதும் இருக்கும் அடிப்படை இறுக்கத்தை (preload) குறைப்பது, ஆக்சிலரேட்டர் விடும்போது விழும் பூட்டைத் தளர்த்துவது ஆகியவை மருந்து.

கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டிகளில் டிஃபரன்ஷியலே கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு. உள் பின் சக்கரம் சற்றே எழுந்தால்தான் அது திரும்பும். எழாத கார்ட் எழுதிவைத்தாற்போல் தள்ளும். ஸ்டீயரிங் திரும்பும்போது காஸ்டர் உள் முன் சக்கரத்தைக் கீழே அழுத்தி, அதே பக்கத்திலுள்ள உள் பின் சக்கரத்தைத் தூக்க உதவுகிறது. அதனால்தான் கார்ட்டில் காஸ்டருக்கு அவ்வளவு மரியாதை.

9. காற்று

வேகமான வளைவுகளில் மட்டும் தள்ளும் காருக்கு மட்டுமே இந்தப் படி. முன் விங்கின் மடலை ஒரு படி கூட்டுங்கள், அல்லது பின்பக்க உயரத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றி மூக்கைத் தாழ்த்துங்கள். முன்பக்கத்தில் கூட்ட இடமில்லை என்றால் பின் விங்கைக் குறையுங்கள். சமநிலை வரும், ஆனால் மொத்தப் பிடிப்பு குறையும். ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதற்கும் முன்னால் முன் விங்கையும் தரையையொட்டிய பலகையையும் குனிந்து பாருங்கள். விளிம்பில் உடைந்த ஒரு கையகலத் துண்டே முழு விளக்கமாக இருக்கலாம்.

எதிரில் கார் இல்லாமல் ஓடிய சுற்றுகளை மட்டும் கணக்கில் எடுங்கள். முன்னே போகும் கார் கலைத்துவிட்ட காற்றில் முன் விங் தன் வேலையைச் செய்ய முடியாது. ஃபார்முலா 1 போட்டிக்கு 2022-இல் கொண்டுவந்த புதிய விதிகள், காரின் அடிப்பகுதியிலிருந்து அதிக அழுத்து விசையை எடுக்க வைத்ததற்கு இந்தப் பின்தொடரும் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். போட்டியில் மட்டும் தள்ளி, தனியாக ஓடும்போது ஒழுங்காக இருக்கும் காரை அமைப்பால் திருத்தப் போனால், தனியாக ஓடும் தகுதிச் சுற்றில் பின்பக்கம் பறக்கும்.

10. மாற்றத்தைச் சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மதியம் மூன்று மணிக்கு, நேரம் போதவில்லை என்றதும் எல்லோரும் மீறுவார்கள். பாரையும் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றி, கார் மாறவே இல்லை என்றால், இரண்டும் பயனற்றவையா அல்லது ஒன்றையொன்று அழித்துக்கொண்டனவா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் மாற்றம் பெரிதாக இருக்கட்டும். பாரில் ஐந்து நிலைகள் இருந்தால் ஒரு நிலை நகர்த்துவதை ஓட்டுநர் உணராமல் போகலாம், இரண்டு நகர்த்துங்கள். திசை சரியா என்பது முதலில் தெரிய வேண்டும். அளவைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

என்ன மாற்றினீர்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லாதீர்கள். ‘முன்பக்கத்தை மெதுவாக்கியிருக்கிறோம்’ என்று சொல்லி அனுப்பினால், முன்பக்கம் மென்மையாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே திரும்புவார். ஐந்து சுற்றுகள் ஓடட்டும். முதல் சுற்றை விட்டுவிட்டு மற்ற நான்கையும் பாருங்கள்.

கார் தேறியதாகத் தோன்றியதும் பழைய அமைப்புக்கு ஒருமுறை திரும்பி ஓடுங்கள். தளம் சூடாகி ரப்பர் படிந்ததாலேயே கார் தேறியிருக்கலாம். பழையதற்குத் திரும்பியதும் அண்டர்ஸ்டியரும் திரும்பினால்தான் உங்கள் மாற்றம் உண்மையில் வேலை செய்தது. அதன் பிறகு அதை நோட்டில் எழுதுங்கள்: எந்த வளைவு, எந்தப் பகுதி, சூடான அழுத்தம் எவ்வளவு, தள வெப்பம் எவ்வளவு, நாடா எந்த உயரத்தில் நின்றது.